தற்காலிகம் என்னும் சொல்

அரசியலமைப்பை இலக்கிய மாணவர் படிப்பதில்லை. அது சட்டத்தரணிகளுக்கும் நீதிபதிகளுக்கும் உரிய நூல் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிப் போயுள்ளது. தொல்காப்பியச் சூத்திரம் ஒன்றுக்கு இளம்பூரணர் கூறும் பொருள் யாது, நச்சினார்க்கினியர் கூறும் பொருள் யாது, ஒரே சூத்திரத்தை இருவரும் வேறுவேறாகக் கொண்டமைக்கு அவரவர் காலமும் சார்பும் எவ்வளவு காரணம் என்றெல்லாம் பல்கலைக்கழகத்திற் பயின்றுவந்த நாம், கோடிக்கணக்கான மக்களின் சோற்றையும் துணியையும் நிருணயிக்கும் சூத்திரங்களை அக்கண் கொண்டு நோக்குவதில்லை. ஆனால் அரசியலமைப்பும் சூத்திரமும் உரையும் சேர்ந்ததே. சூத்திரத்தை ஒரு சபை இயற்றுகிறது. உரையை ஆட்சியிலிருப்போரும் நீதிமன்றங்களும் இயற்றுகின்றனர். உரைகாரரின் சார்பை ஆராயாமல் சூத்திரத்தின் பொருளை அறிய முடியாது என்பது இங்கும் பொருந்தும்.

இக்கட்டுரை இந்திய அரசியலமைப்பின் ஓர் உறுப்புரையையும் அதிற் பயின்றுவரும் ஒரு சொல்லையும் பற்றியது. உறுப்புரை 369. சொல் 'தற்காலிகம்'.

அந்த அரசியலமைப்பின் இருபத்தோராம் பகுதிக்கு 1950இல் இடப்பட்ட தலைப்பு, தற்காலிகமானவும் இடைமாற்றக் காலத்துக்குரியனவுமான ஏற்பாடுகள் என்பதாகும். பகுதியின் முதல் உறுப்புரையே 369. அதன் சாரம் வருமாறு: அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு, மாநிலப் பட்டியலைச் சார்ந்த குறிப்பிட்ட சில விடயங்கள் பொதுப் பட்டியலில் இடம்பெற்றிருப்பன போலக் கொண்டு, பாராளுமன்றம் அவை பற்றிச் சட்டம் இயற்றலாம். விடயங்கள் எவை? பருத்தித் துணி, கம்பளித் துணி, பஞ்சு, பருத்தி விதை, பத்திரிகைத் தாள் உட்பட்ட தாள் வகை, எண்ணெய் வித்துக்களும் எண்ணெயும் அடங்கிய உணவுப் பொருட்கள், பிண்ணாக்கு முதலிய மாட்டுத் தீவனம், நிலக்கரி, இரும்பு, உருக்கு, அப்பிரகம். இவற்றை ஒரு மாநிலத்துக்குள் வாங்கி விற்பது, இவற்றின் உற்பத்தி, வழங்கல், விநியோகம் ஆகிய யாவும் இதனுள் அடங்கின. ஐந்து ஆண்டு முடிந்ததும், இவ்வுறுப்புரை இல்லாவிடிற் பாராளுமன்றம் இயற்றியிருக்க முடியாத சட்டங்கள், முன்னரே செய்து முடிந்த கருமங்கள் தவிர்ந்த ஏனையவற்றைப் பொறுத்தவரை, வலுவிழந்துவிடும்.

இதன் பாரம் விளங்க வேண்டுமாயின் மூன்று பட்டியல்களின் இயல்பைச் சிறிது அறிந்திருத்தல் வேண்டும். இந்தியாவிற் சட்டமியற்றும் அதிகாரம் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒன்று ஒன்றியத்துக்கு உரியது; ஒன்று மாநிலங்களுக்கு உரியது; மூன்றாவது இருசாராரும் கைவைக்கக்கூடிய பொதுப் பட்டியல். விவசாயமும் சந்தைகளும் மாநிலத்துக்குள் நடக்கும் வணிகமும் பொருட்களின் உற்பத்தி வழங்கலும் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. பொதுப் பட்டியல் என்ற பெயரைக் கேட்பவர் யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணற்றை நினைத்துக்கொள்ளக்கூடும். பங்குக் கிணற்றில் ஒவ்வொருவருக்கும் இறைப்பு முறை உண்டு.  பொதுப் பட்டியலில் அத்தகைய முறை இல்லை. மாநிலச் சட்டமும் பாராளுமன்றச் சட்டமும் முரண்படுமிடத்துப் பாராளுமன்றச் சட்டமே நிற்கும் என்பது 254ஆம் உறுப்புரையின் பொதுவிதி. குடியரசுத் தலைவரின் இசைவு பெற்றால் மாநிலச் சட்டம் தன் எல்லைக்குள் நிற்கலாம் என ஒரு விலக்கு உண்டாயினும், அந்த இசைவும் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படியே கிடைப்பது. ஆகவே ஒரு விடயம் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குச் செல்லும்போது, அது பகிரப்படுகிறது என்று கூறுவது பாதி உண்மையே.

இனி 369இன் வாசகத்தில் 'போல' என்று வரும் சொல்லைக் கவனிக்க வேண்டும். தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு இது உவம உருபு. உவம உருபு இரு பொருட்களுக்கிடையே உள்ள ஒப்பினைக் காட்டுவதுடன் அவற்றின் வேற்றுமையையும் காத்துநிற்கிறது. மதி போன்ற முகம் எனும்போது முகம் முகமாகவே உள்ளது, மதி ஆகிவிடவில்லை. உணவுப் பொருட்கள் பொதுப் பட்டியலில் இருப்பன போலக் கொள்ளப்படும் என்று எழுதிய சபை, அவை உண்மையில் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை என்பதை அவ்வொரு சொல்லால் ஒப்புக்கொண்டது. இரவலாக வாங்கியவன் இது உன்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்த சீட்டு அது. ஐந்தாண்டு என்ற தவணையும் அச்சீட்டில் உண்டு.

இந்த இரவல் எக்காரணத்தால் எழுந்தது என்பதை வரலாற்றிற் பார்க்கலாம். 1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டமே மூன்று பட்டியல்களை முதலில் வகுத்தது. போர் தொடங்கியதும் அவசரகாலப் பிரகடனத்தின் துணையோடு, மாகாணங்களுக்கு உரிய விடயங்களிலும் மத்திய அரசாங்கம் சட்டமியற்றிற்று. போர் முடிந்து பிரகடனம் 1946 ஏப்பிரலில் நீங்கியதும் அந்த அதிகாரமும் சில மாதங்களில் நீங்கிவிடும் நிலை. அப்போது பிரித்தானியப் பாராளுமன்றம் 1946இல் ஒரு சட்டம் இயற்றி, உணவு, துணி, தாள், நிலக்கரி, இரும்பு முதலியவற்றில் இந்திய மத்திய சட்டசபைக்குக் குறித்த காலத்துக்கு அதிகாரம் வழங்கிற்று. அதன் அடிப்படையில் அவ்வாண்டிலேயே அத்தியாவசிய வழங்கல்கள் (தற்காலிக அதிகாரங்கள்) சட்டம் பிறந்தது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொல்லை வாசகர் கவனிக்கவும். சுதந்திரம் வந்த பின்னர் இந்தக் காலவரையறையை 1948இலும் 1949இலும் தீர்மானங்களால் நீட்டியது அரசியலமைப்பு நிருணய சபையே. போர்க்காலத்து அதிகாரம் வெஸ்ற்மினிஸ்ரரிலிருந்து புதுடில்லிக்குக் கைமாறி, 369ஆம் உறுப்புரை என்ற பெயருடன் குடியரசினுள் நுழைந்தது.

இதை வெறும் அதிகார ஆசை என்று கூறிவிடுவது நேர்மையாகாது. 1943இல் வங்காளத்திற் பஞ்சம். இறந்தோர் தொகையை அரசாங்க விசாரணைக் குழு 15 இலட்சம் என்றது. பின்னாளில் ஆராய்ந்த அமர்த்திய சென் 30 இலட்சம் அளவில் என்றார். தானியம் முற்றாக இல்லாமற்போனதால் மட்டும் மக்கள் மடியவில்லை. விலை ஏறிற்று, கூலி ஏறவில்லை, வணிகர் பதுக்கினர், மாகாணங்கள் தத்தம் எல்லைகளை மூடித் தானியம் வெளியே செல்லாது தடுத்தன. ஒரு மாகாணத்திற் பசியும் அடுத்த மாகாணத்தில் இருப்பும் நிலவியதைக் கண்ட தலைமுறையே 1949இல் அச்சபையில் அமர்ந்திருந்தது. பிரிவினையோ நிலைமையை மேலும் மோசமாக்கிற்று. சணல் விளையும் நிலங்களின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போயிற்று. சணல் ஆலைகள் கல்கத்தாவைச் சுற்றி நின்றன. இத்தகைய வேளையில், ஐந்து ஆண்டுகளுக்கு எங்களிடம் இதை விடுங்கள் என்று மத்திய அரசாங்கம் கேட்டதிற் தவறு காண்பது கடினம்.

ஆனால் ஐந்து ஆண்டு முடியும் வேளையில் நடந்தது என்ன? சென்னை மாநிலத்தில் 1952 யூன் மாதத்திலேயே இராஜகோபாலாச்சாரியார் அரிசிப் பங்கீட்டை நீக்கிவிட்டார். மத்தியில் உணவு அமைச்சராயிருந்த ரபி அகமத் கித்வாய் கட்டுப்பாடுகளைப் படிப்படியாகத் தளர்த்தினார். 1953-54 விளைச்சல் நன்றாயிருந்தது. அஃதாவது, எந்தப் பற்றாக்குறையின் பெயரால் அதிகாரம் இரவல் வாங்கப்பட்டதோ அது தணிந்துகொண்டிருந்தது. தர்க்கப்படி இரவலைத் திருப்பிக் கொடுக்கும் காலம் அதுவே. அத்தியாவசிய வழங்கல்கள் சட்டம் 1955 ஜனவரி 26இல் ஆயுள் முடிந்தது. இடைவெளியை ஓர் அவசரச் சட்டம் நிரப்பிற்று. பெப்ரவரி 22இல் அரசியலமைப்பின் மூன்றாவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஏப்பிரல் 1இல் அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் இயற்றப்பட்டது. புதிய சட்டத்தின் பெயரில் 'தற்காலிக அதிகாரங்கள்' என்ற சொற்றொடர் இல்லை. தேவையும் இல்லை.

மூன்றாவது திருத்தம் செய்த காரியம் பொதுப் பட்டியலின் 33ஆம் பதிவைத் திருத்தி எழுதியமையாகும். முன்னர் அப்பதிவு, ஒன்றியத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை எனப் பாராளுமன்றம் அறிவித்த தொழில்களின் உற்பத்திப் பொருட்களை மாத்திரம் கொண்டிருந்தது. இப்போது உணவுப் பொருட்கள், மாட்டுத் தீவனம், பஞ்சு, பருத்தி விதை ஆகியன அதனுள் வந்தமர்ந்தன. 'போல' என்ற உருபு மறைந்தது. இலக்கண நூலார் கூறுவது போல, உருபு ஒழிந்து உவமையும் பொருளும் ஒன்றாகிவிட்டால் அது உருவகம். மாநில விடயம் பொதுவிடயமாகவே ஆகிவிட்டது. இன்னுமொன்று: 369இன் பட்டியலில் இல்லாத கச்சாச் சணல் புதிய 33இற் சேர்ந்துகொண்டது. இரவல் வாங்கியவன் திருப்பிக் கொடாததோடு, பக்கத்திலிருந்த இன்னொரு பொருளையும் சேர்த்து எடுத்துச் சென்றான். கச்சாச் சணலும் பஞ்சும் யாருக்கு வேண்டும்? பயிரிட்டவனுக்கு அவை விற்கவேண்டிய பொருட்கள். கல்கத்தா, பம்பாய், அகமதாபாத் ஆலை முதலாளிகளுக்கு அவை மலிவாக வாங்கவேண்டிய மூலப்பொருட்கள். உணவின் பெயரால் நடைபெற்ற திருத்தத்தில் இவை இரண்டும் இருந்தமை தற்செயலானது என நான் கருதவில்லை.

திருத்தம் முறைப்படி நிறைவேறியது என்பது உண்மை. பட்டியல்களைத் திருத்துவதற்கு மாநிலச் சட்டசபைகளிற் பாதிக்குக் குறையாதவை ஒப்புதல் தரவேண்டும், அது பெறப்பட்டது. ஆனால் அன்று பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டதும் மத்தியில் ஆண்டதும் ஒரே கட்சி. தகப்பன் எழுதிய உறுதியில் மகன் சாட்சிக் கையொப்பம் இட்டதைச் சட்டம் ஏற்கலாம். வரலாறு அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை.

இவ்விடத்தில் நம் முற்போக்கு நண்பர் சிலர் எழுப்பக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. பதுக்கற்காரனையும் கள்ளச்சந்தைக்காரனையும் அடக்க வலிமையான மத்திய அதிகாரம் வேண்டாமா? கேரளம் போன்ற, தனக்கு வேண்டிய அரிசியிற் பெரும்பகுதியை வெளியிலிருந்து பெறும் மாநிலம், ஆந்திரமும் பஞ்சாபும் எல்லையை மூடிவிட்டால் என்ன செய்யும்? மாநில சுயாட்சி என்பது உள்ளூர் நிலச்சுவான்தாருக்கும் வணிகனுக்கும் கோட்டையாகிவிடாதா? இது புறந்தள்ளக்கூடிய கேள்வியன்று. திட்டமிட்ட பொருளாதாரத்தை விரும்பும் எவரும் உணவுப் பங்கீட்டைப் பல சிற்றரசுகளின் விருப்புக்கு விட்டுவிட விரும்பார். ஐம்பதுகளில் இந்திய இடதுசாரிகளிற் பலர் தயக்கத்துடனாயினும் மத்திய அதிகாரத்தை ஏற்றுக்கொண்டதன் நியாயம் இதிற்றான் உள்ளது.

ஆயினும் மறுப்பாளர் இரண்டு விடயங்களை ஒன்றாகக் குழப்புகின்றனர். மத்திய அரசாங்கத்துக்கு அதிகாரம் வேண்டுமா என்பது ஒரு கேள்வி. ஒவ்வொரு முறையும் கேட்டுப் பெறவேண்டுமா, ஒருமுறை பெற்று வைத்துக்கொள்ளலாமா என்பது பிறிதொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு அதே அரசியலமைப்பில் வேறொரு விடை இருந்தது. 249ஆம் உறுப்புரையின்படி, தேசிய நலன் கருதி மாநிலங்களவை மூன்றில் இரண்டு பங்கு வாக்கினால் தீர்மானித்தால், மாநில விடயமொன்றிற் பாராளுமன்றம் சட்டமியற்றலாம். தீர்மானத்தின் ஆயுள் ஓராண்டுக்கு மேற்படாது. வேண்டுமாயின் மீண்டும் தீர்மானித்து மேலும் ஓராண்டு நீட்டலாம். தீர்மானம் தீர்ந்தால் ஆறு மாதத்திற் சட்டமும் தீரும். இது ஏட்டில் மட்டும் இருந்த வழியன்று. 1950 ஒகஸ்ட் மாதத்தில், மாநிலங்களவை இன்னும் அமையாத நிலையில், இடைக்காலப் பாராளுமன்றம் இவ்வழியைக் கையாண்டே பொருட்களின் வழங்கலும் விலையும் பற்றிய சட்டத்தை இயற்றிற்று. பஞ்சம் வந்தால் அதிகாரம். பஞ்சம் போனால் அதிகாரமும் போகும். மீண்டும் வேண்டுமெனில் மீண்டும் காரணம் கூறவேண்டும். ஆட்சியாளருக்கு இது தொல்லைதான். மக்களாட்சியில் தொல்லைப்படவேண்டியவர் ஆட்சியாளரே அன்றி வேறு யார்?

தற்காலிகம் என்ற சொல்லின் மீது எனக்குள்ள ஐயம் இதிலிருந்தே தோன்றுகிறது. நிரந்தரமாக வேண்டும் என்று 1949இற் கேட்டிருந்தால் நிருணய சபையில் அதற்கேற்ற விவாதம் நடந்திருக்கும். ஐந்து ஆண்டு என்றதால் விவாதம் சுருங்கிற்று. ஐந்து ஆண்டு முடிகையிலோ, ஏற்கெனவே நடைமுறையில் இருப்பதைத் தொடர்கிறோம் என்று கூறினாற் போதுமானதாயிற்று. சொல் அனுமதியை எளிதாக்கிற்று; பழக்கம் அனுமதியைத் தேவையற்றதாக்கிற்று.

இருபத்தோராம் பகுதியில் 369இன் அடுத்த வீடு 370. அதுவும் தற்காலிகம் என்ற தலைப்புடையதே. ஜம்மு காஷ்மீர் பற்றி இந்தியப் பாராளுமன்றம் இயற்றக்கூடிய சட்டங்களை அது வரையறுத்தது: பாதுகாப்பு, வெளிவிவகாரம், தொடர்பாடல் ஆகிய இணைவுப் பத்திரத்து விடயங்கள் ஒருபுறம், ஏனையவை மாநிலத்தின் இசைவுடன் மட்டும். இரண்டு உறுப்புரைகளும் மத்திக்கும் மாநிலத்துக்கும் இடையே சட்டமியற்றும் அதிகாரத்தைத் தற்காலிகமாகப் பிரித்தன. ஒன்று பிரித்தது மத்திக்குச் சாதகமாக. மற்றது மாநிலத்துக்குச் சாதகமாக. 369இல் ஐந்து என்ற எண் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருந்தது. 370இல் எண் எதுவும் இல்லை. எண் பொறித்த இரவல் திருப்பித் தரப்படவில்லை. எண் பொறிக்காதது, 1954ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை முதலாகப் பல ஆணைகளால் உள்ளிருந்தே அரிக்கப்பட்டு, 2019 ஒகஸ்டிற் செயலிழக்கச் செய்யப்பட்டது. மாநிலமே இரண்டு ஒன்றியப் பிரதேசங்களாக்கப்பட்டது. 1968இல் அவ்வுறுப்புரை தொடர்ந்து நடைமுறையில் உள்ளது என்று தீர்ப்பளித்திருந்த இந்திய உச்ச நீதிமன்றம், 2023 டிசம்பர் 11இல் அது தற்காலிகமானதே என்று கூறி அரசாங்கத்தின் செயலை ஏற்றது. அதற்கு நீதிமன்றம் காட்டிய நியாயங்களுள், அவ்வுறுப்புரை இருபத்தோராம் பகுதியில் வைக்கப்பட்டிருப்பதும் ஒன்று.

ஒரே பகுதி, அடுத்தடுத்த சூத்திரங்கள், ஒரே சொல். உரை மட்டும் வேறு. மத்தி வாங்கியபோது தற்காலிகம் என்பதற்கு 'இனித் தொடரும்' என்று பொருள். மத்தி கொடுத்தபோது 'இனி முடியும்' என்று பொருள். இரண்டு வழக்குகளின் வரலாறும் அரசியலும் வெவ்வேறு என்பதை நான் மறுக்கவில்லை. 369இன் காலம் திருத்தத்தால் கடக்கப்பட்டது, 370இன் காலம் ஆணையாலும் தீர்ப்பாலும் முடிக்கப்பட்டது. ஆனாற் சொற்பொருள் எப்போதும் ஒரே பக்கம் சாய்வதைக் காணும் மாணவன், உரைகாரர் எப்பக்கம் நிற்கிறார் என்று கேட்கத்தானே செய்வான்?

நம் நாட்டு வாசகருக்கு இச்சொல் புதிதன்று. 1979இல் மூன்று ஆண்டுகளுக்கெனக் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் அந்த எல்லையைக் கழற்றி எறிந்தது. தற்காலிக ஏற்பாடுகள் என்ற சொல்லோ அதன் தலைப்பில் அப்படியே நின்றது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் மாகாண சபைகளுக்கு வழங்கிய மூன்று நிரல்களும் இந்தியாவின் மூன்று பட்டியல்களை முன்மாதிரியாகக் கொண்டவை. அதையொட்டி 1988 செப்டெம்பரில் நிகழ்ந்த வடக்குக் கிழக்கு இணைப்பும் தற்காலிகமானதே. கிழக்கின் வாக்கெடுப்பு ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்பட, பதினெட்டு ஆண்டுகள் நீடித்த அந்த இணைப்பைச் சட்டப்படி செல்லாதது என்று 2006 ஒக்டோபர் 16இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்தியின் கைக்கு வந்த தற்காலிகத்தையும் மாகாணத்தின் கைக்கு வந்த தற்காலிகத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பதை வாசகரிடமே விடுகிறேன்.

ஆசிரியரும் மாணவரும் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்றையும் சுருக்கமாகக் கூறலாம். இந்தியாவிற் கல்வி மாநிலப் பட்டியலில் இருந்த விடயம். 1976இல், அவசரகாலத்தில், நாற்பத்திரண்டாம் திருத்தம் அதைக் காடுகளுடன் சேர்த்துப் பொதுப் பட்டியலுக்கு மாற்றிற்று. அவசரகாலம் 1977இல் முடிந்தது. கல்வி திரும்பவில்லை.

இனி 33ஆம் பதிவின் பிற்கால வாழ்வுக்கு வருவோம். இதுவே இந்தக் கதையின் மிகக் கசப்பான பகுதி. வணிகனை அடக்குவதற்கென்று பெற்ற அதிகாரம் எவ்வாறு வணிகனை விடுவிக்கப் பயன்படும் என்பதை 2020 காட்டிற்று. நோய்த்தொற்றுக் காலத்தில், யூன் 5இல், மூன்று அவசரச் சட்டங்கள் பிறந்தன. செப்டெம்பரில் அவை பாராளுமன்றச் சட்டங்களாயின. ஒன்று, அரசாங்க ஒழுங்குவிதிக்கு உட்பட்ட சந்தை வளாகங்களுக்கு வெளியே நடைபெறும் விளைபொருள் வணிகத்தில் மாநில அரசுகள் சந்தைக் கட்டணம் அறவிடுவதைத் தடை செய்தது. மற்றொன்று ஒப்பந்த விவசாயம் பற்றியது. மூன்றாவது, 1955இன் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தையே திருத்தி, தானியம், பருப்பு, எண்ணெய் வித்து, சமையல் எண்ணெய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் வழங்கலைப் போர், பஞ்சம், அசாதாரண விலையேற்றம், கடும் இயற்கை அனர்த்தம் போன்ற வேளைகளில் மட்டுமே கட்டுப்படுத்தலாம் என்றது. இருப்பு வைத்தலுக்கு எல்லை விதிக்கவேண்டுமாயின், தோட்டப் பயிர்களின் சில்லறை விலை 100 வீதமும் அழுகாத உணவுப் பொருட்களின் விலை 50 வீதமும் ஏறியிருக்க வேண்டும். விலை ஒன்றரை மடங்காகும்வரை பதுக்கலாம் என்று ஏழைக்கு இதன் பொருள் விளங்கும்.

விவசாயமும் சந்தையும் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை அல்லவா, பாராளுமன்றம் இதை எவ்வாறு இயற்றலாம் என்ற கேள்விக்கு அரசாங்கம் காட்டிய அதிகார ஊற்று, பொதுப் பட்டியலின் 33ஆம் பதிவு. உணவுப் பொருள் என்ற சொல்லுக்குள் விவசாயியின் வயலிலிருந்து வரும் நெல்லும் கோதுமையும் அடங்கும் என்பது வாதம். வங்காளத்துப் பஞ்சத்தின் நினைவில், பதுக்கற்காரனை ஒடுக்க, ஐந்து ஆண்டுக்கென்று கைமாறிய அதிகாரம், அறுபத்தைந்து ஆண்டுகளின் பின், பெருவணிக நிறுவனங்களுக்குக் களஞ்சியத்தைத் திறந்துவிடும் அதிகாரமாகத் திரும்பி வந்தது. மத்திய அதிகாரம் இயல்பாகவே முற்போக்கானது என்று நம்பியிருந்த நண்பர்கள் இதை ஊன்றி நோக்க வேண்டும். அதிகாரத்துக்குத் தனக்கென்று ஒரு வர்க்கச் சார்பு பிறப்பிலேயே அமைந்துவிடுவதில்லை; அதைக் கையிற் பிடித்திருப்பவனின் சார்பே அதன் சார்பு. தவணையற்ற அதிகாரம் அடுத்து எவன் கைக்குப் போகும் என்று அதை வழங்கியவர்கள் அறியார்.

செப்டெம்பர் 20இல் முதலிரு மசோதாக்களும் மாநிலங்களவையிற் குரல் வாக்கெடுப்பால் நிறைவேறின. வாக்குகளை எண்ண வேண்டுமென்று எதிர்க்கட்சியினர் கேட்டும் எண்ணப்படவில்லை. 249ஆம் வழி இன்னும் உயிருடன் இருந்திருக்குமாயின், அதே அவையில் மூன்றில் இரண்டு பங்கு எண்ணிக் காட்டவேண்டியிருந்திருக்கும் என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம். பொதுப் பட்டியல் விடயங்களிற் சட்டமியற்றுமுன் மாநிலங்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று சர்க்காரியா ஆணைக்குழு 1988இற் கூறியிருந்தது. ஆணைக்குழு அறிக்கைகளின் கதி எந்நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

பட்டியல்களிலும் அவைகளிலும் கிடைக்காத விவாதம் தெருவில் நிகழ்ந்தது. 2020 நவம்பர் 26 முதல் பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேச விவசாயிகள் டில்லியின் எல்லைகளில் முகாமிட்டனர். குளிர்காலமும் கோடையும் மழையும் கடந்து ஓராண்டு அங்கேயே இருந்தனர். 2021 ஜனவரி 12இல் உச்ச நீதிமன்றம் சட்டங்களின் அமுலை நிறுத்திவைத்தது. பாராளுமன்றத்துக்கு இதில் அதிகாரம் உண்டா என்ற கேள்விக்கு அது விடை கூறவில்லை. நவம்பர் 19இற் பிரதமர் சட்டங்களை மீளப்பெறுவதாக அறிவித்தார். நவம்பர் 29இல், விவாதமின்றியே, அவை நீக்கப்பட்டன.

நீக்கப்பட்டவை மூன்று சட்டங்கள். அவற்றைப் பெற்ற 33ஆம் பதிவு 1955இல் எழுதப்பட்டபடியே உள்ளது. 369ஆம் உறுப்புரையும் நீக்கப்படாமல், ஐந்து ஆண்டுகளுக்கு என்ற சொற்களுடனும் 'போல' என்ற உருபுடனும், அரசியலமைப்பின் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் அச்சாகி வருகிறது.